ரெண்டு வருஷக் கதைக்குள்ள புதுசா வர்றவங்க

கேள்வி: நாங்க மாசம் ரெண்டு தடவை கூடி ஒரே டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேம்பெயினை (ஆளுக்கொரு கேரக்டரா டைஸ் உருட்டி ஆடற தொடர்கதை) ரெண்டு வருஷமா ஆடிட்டு இருக்கோம், கதையை நடத்தற டிஎம் நான்தான். கேரக்டர்கள் எல்லாம் இப்போ ஏழாவது லெவல். நாலு பேர்ல ஒருத்தர் விலகினதால ஒரு தோழியைச் சேர்த்தோம். அதுவரைக்கும் நடந்த கதையைப் பதினாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன், எல்லாரும் அன்பாத்தான் பழகினாங்க, ஆனா மூணு செஷன் அமைதியா உட்கார்ந்திருந்துட்டு அப்புறம் வரவே இல்லை. இப்போ இன்னும் ரெண்டு பேர் சேரணும்னு கேட்கறாங்க. இவங்களையும் இழந்துடக் கூடாது, என்ன பண்ணலாம்?

பதில்: அந்தப் பதினாலு பக்கத்தை எவ்வளவு ஆசையா உட்கார்ந்து எழுதியிருப்பீங்கன்னு புரியுது, ஆனா எனக்கு அங்கதான் சிக்கல் ஆரம்பிச்சிருக்கும்னு தோணுது. நீங்க எல்லாரும் வாழ்ந்து பார்த்த கதையை அவங்க பாடம் மாதிரி படிச்சுட்டு வந்திருக்காங்க, டேபிள்ல யார் எந்தப் பேரைச் சொன்னாலும் இது எந்தப் பக்கத்துல வந்துச்சுன்னு மனசுக்குள்ள தேடிட்டே இருந்திருப்பாங்க, அதுக்குள்ள பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும்.

நானும் ஒரு பழைய குரூப்ல நடுவுல போய்ச் சேர்ந்தவதான். முதல் நாள் யாரோ "கழுதை எங்க?"ன்னு கேட்டதும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், அரை செகண்ட் லேட்டா. பக்கத்துல இருந்தவர் அந்தக் கழுதைக் கதையை அஞ்சு நிமிஷம் பொறுமையா சொன்னார், ரொம்ப நல்ல மனுஷர், ஆனா அதைக் கேட்டு முடிச்சப்போ இன்னும் தள்ளி உட்கார்ந்திருக்கற மாதிரிதான் இருந்துச்சு. அடுத்த செஷன்ல டிஎம் ஒரு மடிச்ச பேப்பரை என் கையில கொடுத்தார். இவங்க நுழையப் பார்க்கற கோட்டையில என் கேரக்டர் சின்ன வயசுல வேலை பார்த்திருக்கா, சமையல்கட்டுப் பக்கம் ஒரு சின்னக் கதவு இருக்கு, அதோட தாழ்ப்பாள் சரியா விழாது, அவ்வளவுதான் அதுல இருந்துச்சு. மத்தவங்க மதில் ஏறலாமா வேணாமான்னு அரை மணி நேரமா அடிச்சுக்கிட்டிருந்தாங்க. நான் மெதுவா "எனக்கு அந்த இடம் தெரியும்"னு சொன்னேன். எல்லாரும் அப்படியே என் பக்கம் திரும்பினாங்க, காவலுக்கு எத்தனை பேர், நாய் இருக்கா, ராத்திரி விளக்கு எரியுமான்னு கேள்வி மேல கேள்வி, பாதிப் பதிலை நான் அங்கேயே இட்டுக்கட்டினேன், டிஎம் தலையாட்டிக்கிட்டே நோட்டுல எழுதிக்கிட்டார். அன்னைக்குத்தான் நான் அந்த குரூப்ல சேர்ந்தேன்.

அதனால புதுசா வர்ற ரெண்டு பேருக்கும் பழைய ஆளுங்களுக்குத் தெரியாத ஏதாவது ஒண்ணைக் கொடுங்க, அதுவும் அடுத்த செஷன்லயே தேவைப்படற மாதிரி. வில்லனுக்குக் கணக்கு எழுதினவன், இவங்க போக வேண்டிய காட்டுலயே வளர்ந்தவ, இந்த மாதிரி. ஒருத்தருக்கு வழி தெரியும், இன்னொருத்தருக்கு அங்க யார் இருக்காங்கன்னு தெரியும்னு வெச்சா ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நம்பியும் இருப்பாங்க, அதனாலதான் ரெண்டு பேரையும் ஒரே நாள்ல கொண்டு வரச் சொல்றேன். ஆனா நீங்களா எழுதித் தலையில கட்டாதீங்க, எந்த மாதிரி ஆளா ஆடணும்னு முன்னாடியே கேட்டு அதுக்குள்ள இதைச் சேருங்க. பழைய கதைக்கு அஞ்சு வரி போதும்: யார் எதிரி, எங்க போறோம், ஏன் இப்பவே போகணும். மிச்சத்தை அவங்க கேரக்டரே கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும்.

லெவல் விஷயத்துல மட்டும் ரொம்ப உறுதியா சொல்றேன், முதல் லெவல்ல ஆரம்பிக்க வைக்காதீங்க. ஏழாவது லெவல் ஆளுங்க மேல எதிரி ஃபயர்பால்னு ஒரு நெருப்பு மந்திரம் போட்டா ஆறு முக டைஸ் எட்டை உருட்டணும், சராசரியா 28 டேமேஜ், முதல் லெவல் விசார்டுக்கு, அதாவது மந்திரவாதிக்கு, மொத்தமே எட்டு ஒன்பது ஹிட் பாயின்ட்தான் (உயிர்ப் புள்ளி) இருக்கும், முதல் சண்டையிலயே செத்துப் போயிடுவாங்க. அதுக்காக ஏழாவது லெவல் விசார்டைத் தூக்கிக் கொடுத்தாலும் கஷ்டம்தான், ஸ்பெல்புக்ல குறைஞ்சது பதினெட்டு ஸ்பெல் (மந்திரம்) இருக்கும், புதுசா ஆடறவங்க அதைப் புரட்டிட்டே இருப்பாங்க. சாம்பியன் ஃபைட்டர்ங்கற போர்வீரன் மாதிரி எளிமையான ஒண்ணைச் சொல்லிப் பாருங்க, ஒரு டர்ன்ல ரெண்டு தடவை வெட்டலாம், இருபது முக டைஸ்ல 19 விழுந்தாலும் கிரிட்டிக்கல், அதாவது டேமேஜ் டைஸ் ரெண்டு மடங்கு. அவங்களுக்கு விசார்ட்தான் வேணும்னா விசார்டே இருக்கட்டும், ஆசைப்பட்டுக் கேட்டதைக் கொடுக்காம விடறது அதை விடத் தப்பு, அப்போ சண்டைக்கு வேண்டிய நாலு ஸ்பெல்லை மட்டும் தனிச் சீட்டுல எழுதிக் கொடுங்க. மூணு செஷன் கழிச்சு கேரக்டரை மொத்தமா மாத்திக்கலாம்னும் முதல்லயே சொல்லிடுங்க.

பழைய ஆளுங்ககிட்ட தனியா ஒரு தடவை பேசணும். புதுசா வந்தவங்க டர்ன்ல பக்கத்துல இருக்கறவர் எட்டி அவங்க ஷீட்டைப் பார்த்து "இதைப் போடு, இதான் பெஸ்ட்"னு சொல்லுவார், அவங்க பன்னெண்டு முக டைஸை எடுத்தா அதை வாங்கி இருபது முக டைஸைக் கையில வைப்பார். உதவிதான் பண்றார், எனக்கும் தெரியும். ஆனா நாலு தடவை இப்படி நடந்தா அவங்க உருட்டற ஆளா மட்டும்தான் இருப்பாங்க, முடிவெல்லாம் அவரோடது. அவங்க கேட்கற வரைக்கும் வாயைத் திறக்க வேணாம்னு சொல்லுங்க. நீங்களும் "என்ன பண்ணப் போறீங்க?"ன்னு கேட்டுட்டுப் பத்து செகண்ட் சும்மா இருங்க, அந்த மௌனம் உங்களுக்குத்தான் நீளமா தெரியும், அவங்க அதுல யோசிச்சுட்டு இருப்பாங்க.

செஷன் ஸீரோ, அதாவது ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் உட்கார்ந்து பேசிக்கறது, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும். திரும்ப ஒரு அரை மணி நேரம் வைங்க, எது கதையில வரக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் மறுபடி கேளுங்க, ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் உருவாக்கின எக்ஸ் கார்டை டேபிள் நடுவுல வைங்க, யார் தொட்டாலும் காரணம் கேட்காம அந்த ஸீனைத் தாண்டிடணும். பழக்கமானவங்க முகத்தைப் பார்த்தே நிறுத்திக்குவீங்க, புதுசா வர்றவங்க முகம் உங்களுக்கு இன்னும் பழகலையே.

அப்புறம் அந்தத் தோழி. ஏன் நின்னுட்டீங்கன்னு கேட்காதீங்க, பதில் சொல்லவே சங்கடப்படுவாங்க. கதையை மாத்தி அமைச்சிருக்கேன், உங்க கேரக்டருக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு விஷயம் இப்போ எங்களுக்குத் தேவைப்படுது, ஒரு நாள் வந்து சொல்லிட்டுப் போறீங்களான்னு ஒரு மெசேஜ் போடுங்க.