கார் காட்சியில் தம்பி பாத்திரம் ஒட்டாதது ஏன்?

தம்பி காதைப் பொத்திக்கொண்டு திடீரென அலறுவதை எடுத்துவிடுங்கள். உங்கள் படத்தில் அக்காவும் தம்பியும் காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தானுக்குக் காரில் போகும் காட்சியில் ஆட்டிசம் உள்ள தம்பி ஒட்டவில்லை என்கிறீர்களே, நடிகர் மேல் தப்பில்லை. அலறலுக்கு முன்னால் அவனுக்குள் அழுத்தம் எதுவுமே சேரவில்லை.

ஹாரன், வெயில், அக்கா சொல்லாமல் மாற்றிய வழி என்று ஒவ்வொன்றாக ஏறட்டும். விரல் தட்டுவது வேகமாகட்டும், பேச்சு குறையட்டும். சிலர் அலறவே மாட்டார்கள், அப்படியே உறைந்துபோவார்கள். வீட்டுக்குள் வந்ததும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் குளிர்ச்சியில் உள்ளங்கையை வைத்து அவன் தணிவதை வெட்டாமல் காட்டுங்கள்.

திரைக்கதையில் அவனே எடுக்கும் முடிவுகளை எண்ணிப் பாருங்கள். ஒன்றுமில்லையென்றால், அக்கா திருந்துவதற்காக மட்டுமே அவன் வண்டியில் இருக்கிறான்.

ஆட்டிசம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவரிடம் மட்டும் கேட்டு எழுதாதீர்கள். ஆட்டிசம் உள்ள நடிகரையே போட்டால், காட்சி வரிசையை முந்தின நாளே கொடுத்துவிடுங்கள்.