பாட்டி வீட்டுக்கு அனுப்பப்படும் பெண்

அன்புள்ள ஐயா,

கடலூரில் ஒரு பள்ளியில் ஆலோசகராக இருக்கிறேன். ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் 15 வயது அண்ணன் இரவில் தன்னிடம் தவறாக நடந்துகொள்வதாகச் சொன்னாள். நான்கு நாள் தயங்கிவிட்டு மகளிர் காவல் நிலையத்தில் தெரிவித்தேன். அவளைப் பார்த்த மருத்துவரோ, "பிள்ளை விளையாட்டு, பெண்ணைப் பாட்டி வீட்டில் விடுங்கள், போதும்" என்றாராம். அப்படியே அவளை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். தாய் என்னைச் சபிக்கிறார். ஒரு குடும்பத்தைக் கலைத்துவிட்டேனா?

ஒரு வாசகி

அன்புள்ள ஆலோசகருக்கு,

கலைக்கவில்லை. ஆனால் அந்த நான்கு நாள் தயக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை; அந்த நான்கு இரவும் அவள் அதே வீட்டில்தான் படுத்திருக்கிறாள். குற்றத்தை அறிந்தவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் தெரிவித்தே ஆகவேண்டும் என்பது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. மறைத்தால் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு. மருத்துவருக்கும் இதில் விலக்கு இல்லை.

அவர் சொன்ன யோசனைதான் என்னை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. திருப்பாதிரிப்புலியூரில், எனக்குப் பத்து வயதானபோது, பக்கத்து வீட்டுப் பெண்ணும் இப்படித்தான் அனுப்பப்பட்டாள். முழு ஆண்டுத் தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தது. அவளைப் பார்த்த டாக்டர் சத்து டானிக் எழுதிக் கொடுத்து, இடம் மாறினால் தெளிந்துவிடுவாள் என்றார். பாவாடை சட்டைகளையும் டானிக் புட்டியையும் மஞ்சள் துணிப்பையில் திணித்து, விழுப்புரம் பாசஞ்சரில் ஏற்றிவிட்டார்கள். ஸ்டேஷன் வரை பையைத் தூக்கி வந்தவன் அவளுடைய அண்ணன். அவன் நீட்டிய பையை வாங்காமல் அவள் நின்றாள். "அண்ணன் கொடுக்கிறான், வாங்கு" என்று அவள் அம்மா அதட்டினார். அந்தத் தயக்கத்தின் பொருள், முப்பது ஆண்டுகள் கழித்து அவளே சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது.

தன் பள்ளியையும் தோழிகளையும் விட்டு அனுப்பப்படுகிற பெண், தான் ஏதோ தப்புச் செய்ததால்தான் போகிறோம் என்று எண்ணாமல் வேறு என்ன எண்ணுவாள்? காவலர் முதல் மருத்துவர் வரை, வீட்டைக் கட்டிக்காப்பதாக நினைப்பவர்கள் எல்லோருமே ஏன் பெண்ணின் பையைத்தான் முதலில் கட்டுகிறார்கள்? ஒருவரை அனுப்பியே தீரவேண்டும் என்றால் பையனை அனுப்புங்கள். அந்தப் பாட்டி அவனுக்கும் பாட்டிதான்.

பையனின் வாழ்க்கை பாழாகும் என்று தாய் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. ஆனால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி அவனை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்க முடியாது. ஒரு நீதித்துறை நடுவரும் (மாஜிஸ்திரேட்) இரண்டு சமூகப் பணியாளர்களும் கொண்ட இளைஞர் நீதிக் குழுமமே அவனை விசாரிக்கும். மனநல ஆலோசனைக்கு அனுப்பவும் அதற்கு அதிகாரம் உண்டு. விளையாட்டு என்று சொன்ன மருத்துவர், அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய உதவியையும் சேர்த்தே தடுத்துவிட்டார். இதையெல்லாம் அந்தத் தாயிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், அவர் எத்தனை முறை சபித்தாலும்.

காவல் துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் கொடுத்திருக்க வேண்டும். நாளைக்கே அக்குழுவிடம் நேரில் போய், அவள் தன் வீட்டுக்கும் வகுப்புக்கும் திரும்பவும், அதுவரை அண்ணன் வேறு இடத்தில் இருக்கவும் என்ன வழி என்று கேளுங்கள்.