மனநல சிகிச்சை என்றால் தனியாக உட்கார்ந்து பேசுவது மட்டும்தானா?

இல்லை. பதற்றம், மனச்சோர்வு என்றால் பெரும்பாலும் தனி அமர்வில்தான் தொடங்குவார்கள். வீட்டில் சொல்ல முடியாததை அங்கே சொல்லலாம்.

குடிப்பழக்கத்துக்குக் குழு நன்றாகவே கைகொடுக்கும். வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் ஒருவர், "நேத்து கடை வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்" என்பார். எதிரே இருப்பவர் தலையாட்டுவார். அதே பாதையில் நடந்தவரின் தலையாட்டல் அது. டாக்டரால் தர முடியாது.

நாம் குறைத்து எடைபோடுவது குடும்ப சிகிச்சையைத்தான். வேலூர் சிஎம்சியின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு உறவினரும் தங்குவது பல பத்தாண்டு வழக்கம். பிள்ளை பள்ளிக்கூடம் போக மறுத்தால், அவனிடம் மட்டும் பேசினால் பல நேரம் போதாது. அப்பா அம்மா சண்டையும் அந்த அறைக்குள் வர வேண்டியிருக்கும்.

சரி, எங்கே தொடங்குவது? 14416, அரசின் மனநல உதவித் தொலைபேசி எண், பெயர் டெலிமானஸ். இலவசம், தமிழிலேயே பேசலாம்.