வெட்டுத்துணியில் ஒட்டுப் போர்வை: வாங்கும் முன் கேட்க வேண்டியவை

தையல்கடை மிச்சம், ஆலைக் கழிவு, பழைய புடவை என்று துண்டுத்துணிகளைச் சேர்த்துப் போர்வை தைப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். அதற்கென்றே கிலோ கணக்கில் துணி விற்பவர்களும் பெருகியிருக்கிறார்கள். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை நிறத்தை மட்டும் பார்த்து வாங்கியதால் வந்த சங்கடங்கள்தான்.

கேள்வி: "நூறு சதவீதம் காட்டன், கலர் மிக்ஸ்" என்று இணையக் கடையில் பார்த்து 5 கிலோ வெட்டுத்துணி வாங்கினேன். சதுரமாக வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்கிறது. தைத்தால் அலை அலையாக நெளிகிறது. மெஷின் கோளாறா? விற்றவரோ திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார். (வாசகி, திண்டுக்கல்)

மெஷினில் கோளாறு இல்லை. உங்களுக்கு வந்திருப்பது பனியன் துணி. பின்னலாடை கம்பெனிகளில் டி-ஷர்ட் வெட்டும்போது விழும் கட்டிங் வேஸ்ட் அது. ஒரு துண்டை எடுத்து அகலவாக்கில் இழுத்துப் பாருங்கள். ரப்பர் போல நீண்டு, விட்டதும் சுருங்கும். மேலும் கீழும் உள்ள வெட்டு ஓரங்கள் துணியின் முன்பக்கமாகவும், பக்கவாட்டு ஓரங்கள் பின்பக்கமாகவும் சுருளும். இந்தத் துணியில் நெசவுத் துணி போல ஊடும் பாவும் கிடையாது. நூல் கண்ணி கண்ணியாகக் கோத்திருக்கிறது. வெட்டியதும் கண்ணியின் இறுக்கம் தளர்வதால்தான் ஓரம் சுருள்கிறது. மெஷினில் ஊசிக்கு அடியில் துணியை நகர்த்தும் பல்வரிசை கீழே உள்ள துணியை இழுக்கும்போது அது நீண்டுவிடுகிறது, அதனால்தான் அலை.

இதையே போர்வையாக்க வழி உண்டு. சட்டைக் காலருக்குப் போடுவார்களே, இஸ்திரி சூட்டில் ஒட்டும் கேன்வாஸ், அதில் மிக மெல்லியதை வாங்கி, வெட்டுவதற்கு முன்பே பின்பக்கம் ஒட்ட வேண்டும். பிறகு வெட்டினால் சதுரம் சதுரமாகவே நிற்கும். ஊசி, முனை மழுங்கிய பனியன் ஊசியாக இருக்கட்டும். கூர் ஊசி கண்ணியை அறுத்து ஓட்டை விழவைக்கும். ஆனால் 5 கிலோ பனியன் துணி என்பது ஏறக்குறைய 30 சதுர மீட்டர். அத்தனைக்கும் கேன்வாஸ் ஒட்டும் செலவு, புதுத் துணி வாங்கும் செலவைத் தொட்டுவிடும். நல்ல நிறமாக ஒரு கிலோவை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை ஒரு இன்ச் நாடாவாக வெட்டி இழுத்துவிடுங்கள். சுருளும் குணம் இங்கே உதவிக்கு வரும், நாடா தானாகவே கயிறாகிவிடும். பின்னினால் கால்மிதி நன்றாக வரும்.

இனி பணம். விற்றவர் "காட்டன்" என்றார், பனியன் துணியும் காட்டன்தான். விளம்பரப் படத்தில் நெசவுத் துணியைக் காட்டியிருந்தாலோ, "சட்டைத் துணி" என்று எழுதியிருந்தாலோ உங்கள் பக்கம் வலு உண்டு. இல்லையென்றால் வழக்கு பலவீனம்தான். இன்னொன்றையும் சோதியுங்கள். ஐந்தாறு துண்டுகளிலிருந்து நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தட்டுக்கு மேலே கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிவது போல நெடியடித்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சொட்டி, ஆறியதும் கறுப்பாகக் கெட்டி உருண்டையாக நிற்கும். உருண்டை வந்தால் "நூறு சதவீதம் காட்டன்" என்ற சொல் பொய்.

அப்போது "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருப்பது செல்லாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு குறிப்பிட்டிருந்தால் அதற்குள், குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர வேண்டும். பில் தராமல் விற்பதும் அதே கணக்கில் வரும். விளம்பரப் பக்கத்தின் படம், பில், பார்சல் பிரித்த வீடியோ மூன்றையும் வைத்துக்கொண்டு முதலில் விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும்.

அடுத்த முறை பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: நெசவா, பனியனா? மிகச் சின்னத் துண்டு எத்தனை இன்ச்? அளவு டேப்பைப் பக்கத்தில் வைத்து எடுத்த படம் அனுப்புவீர்களா? மூன்றாவதற்குத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: ஒற்றைக் கட்டில் போர்வைக்கு எவ்வளவு துணி வாங்க வேண்டும்? (கரூர்)

60க்கு 90 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். முதல் போர்வைக்குப் பெரிய சதுரமே நல்லது. ஆறரை இன்ச் சதுரமாக வெட்டி, எல்லாப் பக்கமும் கால் இன்ச் பிடித்துத் தைத்தால் 6 இன்ச் நிற்கும். அகலத்தில் 10, நீளத்தில் 15, மொத்தம் 150 சதுரம். அவ்வளவும் சேர்ந்து சுமார் 4.1 சதுர மீட்டர். சட்டை, சுடிதார் தைக்கும் பாப்ளின் காட்டன் சதுர மீட்டருக்கு 110 முதல் 120 கிராம் இருக்கும். அப்படியானால் அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. ஆனால் வெட்டுத்துணி கோணல் மாணலாக வரும், கைக்குழி வளைவு, கழுத்து வளைவு எல்லாம் கழியும். துண்டுகள் பெரிதாக இருந்தால் ஒரு கிலோ, கலவையாக இருந்தால் ஒன்றரைக் கிலோ வாங்குங்கள்.

அடித்துணி, அதாவது போர்வையின் பின்பக்கத் துணி, எல்லாப் பக்கமும் 4 இன்ச் கூடுதலாக, அதாவது 68க்கு 98 இன்ச் வேண்டும். இதற்குக் கடைக்கே போக வேண்டாம். ஐந்தரை மீட்டர் பழைய நூல் புடவையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, நீளவாட்டில் பக்கம் பக்கமாக இணைத்தால் ஏறக்குறைய 89க்கு 108 இன்ச் கிடைக்கும். புடவை பலமுறை துவைத்துச் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கியிருக்கும் என்பது பெரிய லாபம். புதுக் காடாத்துணி வாங்கினால் ஒரு இரவு ஊறவைத்துக் கஞ்சியை அலசி, காயவைத்து, அதன் பிறகே அளந்து வெட்டுங்கள். மீட்டருக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை உள்ளே வாங்கிவிடும்.

ஓரப் பட்டிக்கு இரண்டரை இன்ச் அகலத்தில் சுற்றளவு 300 இன்ச், மூலைக்கும் இணைப்புக்கும் 10 இன்ச். 44 இன்ச் பன்னாத் துணியில் 60 சென்டிமீட்டர் போதும்.

கேள்வி: வரிசைகளைத் தனித்தனியாகத் தைத்துவிட்டேன். சேர்க்கும்போது ஒரு வரிசை நீளமாக, ஒன்று குட்டையாக இருக்கிறது. (மதுரை)

கால் இன்ச் பிடிப்பு சீராக இல்லை. ஒரு தையலில் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகப் பிடித்தால், இரண்டு துண்டிலுமாக 2 மில்லிமீட்டர் குறையும். 15 சதுரத்துக்கு 14 இணைப்பு, ஆக 28 மில்லிமீட்டர். ஒரு இன்ச்சுக்கு மேலேயே காணாமல் போய்விடுகிறது. துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஸ்ஸர் ஃபுட்டின் ஓரத்தை நம்பித் தைக்காதீர்கள், அது எல்லா மெஷினிலும் ஒரே அகலம் இல்லை. ஊசியை இறக்கி, அதன் வலப்பக்கம் கால் இன்ச்சை அளந்து, தகட்டில் இன்சுலேஷன் டேப்பை நாலைந்து அடுக்காக ஒட்டுங்கள். துணி அந்தத் திட்டில் உரசியபடியே போகட்டும்.

இன்னொரு காரணம் இஸ்திரி. பெட்டியைத் தேய்த்து இழுத்தால், மூலைவாட்டில் வெட்டுப்பட்ட கிராஸ் பீஸ்கள் நீண்டுவிடும். வைத்து அழுத்தி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. முதல் வரிசையின் தையல் மடிப்புகளை வலப்பக்கமும் அடுத்த வரிசையின் மடிப்புகளை இடப்பக்கமும் சாய்த்து அழுத்துங்கள். இரண்டையும் சேர்க்கும்போது மடிப்பும் மடிப்பும் ஒன்றுக்கொன்று முட்டி, மூலை தானாகப் பொருந்தும். விரல் நுனியால் தடவினாலே தெரியும்.

கேள்வி: முதல் துவைப்பிலேயே சிவப்புச் சாயம் போய் வெள்ளைச் சதுரமெல்லாம் ரோஸ் ஆகிவிட்டது. கல்லுப்பில் ஊறவைத்திருந்தால் போயிருக்காது என்கிறார் கடைக்காரர். (தஞ்சாவூர்)

உப்பு சாயத்தைப் பிடித்து நிறுத்தாது. சாயம் ஏற்றும் தொட்டியில் உப்பு போடுவது, சாயம் தண்ணீரை விட்டு நூலுக்குள் போவதற்காக. ஏற்றி முடித்த துணியில் நூலோடு சேராமல் தங்கிய உபரிச் சாயத்தைக் கழுவித்தான் வெளியேற்ற வேண்டும். மலிவுத் துணியில் அந்தக் கடைசி அலசலைக் குறைத்துவிடுகிறார்கள். அதன் விலையைத்தான் நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள்.

போர்வை இன்னும் ஈரமாக இருந்தால் காயவைக்கவோ இஸ்திரி போடவோ வேண்டாம். பெரிய தொட்டியில் தாராளமாக வெந்நீர், சோப்புத்தூள் போட்டு, போர்வை முழுதும் மூழ்கும்படி 8 முதல் 12 மணி நேரம் வையுங்கள். தண்ணீர் நிறம் மாறினால் கொட்டிவிட்டு மறுபடியும். தண்ணீர் தெளியும்வரை விடக்கூடாது. ரோஸ் நிறம் பெரும்பாலும் இறங்கிவிடும். பிளீச்சிங் போட்டால் மற்ற நிறங்களும் சேர்ந்து போய்விடும்.

இனி வெட்டும் முன்பே பாருங்கள். சிவப்பு, மெரூன், கருநீலம், கறுப்பு இந்த நான்கையும் சந்தேகப்பட்டே ஆக வேண்டும். சின்னத் துண்டைச் சோப்பு வெந்நீரில் அரைமணி ஊறவைத்து, வெள்ளைத் துணிக்கு இடையில் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். கறை இறங்கினால் அந்தத் துணி முழுவதையும் தனியாகத் துவையுங்கள். மூன்று முறை துவைத்த பிறகும் இறங்கினால், எவ்வளவு அழகாக இருந்தாலும் போர்வையில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: உள்ளே எதை வைப்பது? பாலியஸ்டர் வாடிங் (பஞ்சு விரிப்பு), இலவம்பஞ்சு, பழைய புடவை எல்லாம் சொல்கிறார்கள். (நாகர்கோவில்)

நம் ஊர் வெயிலுக்குப் பழைய நூல் புடவைதான் என் முதல் தேர்வு. ஓரடுக்கு மார்கழிப் பனிக்குப் போதும், ஏசி அறைக்கு இரண்டடுக்கு. வேர்வையை உறிஞ்சும், கட்டியாகாது, வாஷிங் மெஷினில் துவைக்கலாம்.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ப் பகுதிக்கு மட்டும் வாடிங் வாங்குங்கள். கடையில் ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கில் கேட்க வேண்டும். 100 போதும். 200 என்றால் சாதாரண வீட்டு மெஷினின் ஃபுட்டுக்கு அடியில் போர்வை நுழையவே சிரமப்படும். ஓரத்தைக் கிள்ளி இழுத்துப் பாருங்கள். இழை இழையாகக் கையோடு வந்தால், நாளை அதே இழை மேல்துணி வழியாகவும் முள் முள்ளாக வெளியே வரும்.

இலவம்பஞ்சு தலையணைக்கு உரியது. வழுவழுப்பான குட்டை இழை, ஒன்றோடொன்று பிடிக்காது. போர்வைக்குள் போட்டுத் துவைத்தால் ஒரு மூலையில் திரளும்.

எதை வைத்தாலும் அடித்துணி, உள்ளடுக்கு, மேல்துணி என்ற மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்கு குத்திய பிறகே தையுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி திரண்டு மடிப்பு விழும். ஊசி 14-ஆம் நம்பர், வாடிங் வைத்தால் 16. இணைக்கும்போது தையல் நீளம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர், மூன்று அடுக்கையும் சேர்த்து ஓட்டும்போது 3 முதல் 3.5. இரண்டு தையல் கோடுகளுக்கு இடையில் 4 இன்ச்சுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள்.

கேள்வி: ரோட்டரி கட்டர் (உருளும் வட்டக் கத்தி), அடியில் வைக்கும் மேட், ஸ்கேல் செட் அவசியமா? (சேலம்)

ஒரு போர்வைக்கு வேண்டாம். பெயர்ப்பலகை செய்யும் கடையில் 3 மில்லிமீட்டர் அக்ரிலிக்கில் ஆறரை இன்ச் சதுரம் ஒன்று வெட்டித் தரச் சொல்லுங்கள். அதை வைத்துச் சாக்குக்கட்டியால் வரைந்து, நல்ல கத்தரியால் வெட்டினால் போதும். அட்டையில் செய்தால் ஐம்பதாவது சதுரத்துக்குள் மூலை மழுங்கி அளவு மாறிவிடும். தொடர்ந்து தைப்பவராக இருந்தால் 45 மில்லிமீட்டர் கட்டர் வாங்குங்கள். கூடவே உபரி பிளேடு கிடைக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேட்டை வெயிலிலோ இஸ்திரிப் பெட்டி அருகிலோ வைத்தால் வளைந்துவிடும், பிறகு நேராகாது.

கேள்வி: "சித்தி பெண்கள் கையால் தைத்த கவந்தி" என்று ஒரு போர்வை விற்கிறார்கள். விலை அதிகம். அசல்தானா என்று எப்படித் தெரியும்? (கோயம்புத்தூர்)

கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்களின் கைவேலை அது. அவர்கள் தைக்கும் முறையே வேறு. சதுரங்களை முதலில் இணைத்து, பிறகு அடுக்கு வைப்பதில்லை. பழைய புடவையை அடியில் விரித்து, ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை மடித்து வைத்து, ஓட்டுத்தையலில் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவார்கள். அதனால் தையல் வரிசைகள் ஓரத்துக்கு இணையாக, ஒன்றுக்குள் ஒன்றாகப் பெட்டி போல் போகும். பின்பக்கத்தைத் திருப்பினால் இது பளிச்சென்று தெரியும். நான்கு மூலையிலும் துணியை அடுக்கடுக்காக மடித்துச் செய்த முக்கோணம் இருக்கும், அதற்குப் பூலா, அதாவது பூ என்று பெயர்.

தையல் இடது கோடியிலிருந்து வலது கோடி வரை நேர்கோடாக, ஒரே அளவாக ஓடினால் அது மெஷின் வேலை. துண்டுகளுக்கு நடுவே தையல் விளிம்பே இல்லையென்றால் அது ஒட்டுவேலை மாதிரி அச்சடித்த துணி, நகத்தால் வருடினால் தெரிந்துவிடும். அசலாக இருந்து, தைத்தவர்களுக்குப் பணம் போய்ச் சேருகிறது என்று விற்பவர் தெளிவாகச் சொன்னால் விலையைக் குறைக்கப் பேரம் பேசாதீர்கள். ஒரு போர்வையில் பல நாள் உழைப்பு இருக்கிறது.

கேள்வி: பிறந்த குழந்தைக்குப் பரிசாகத் தைக்கலாமா? (விழுப்புரம்)

தரையில் விரிக்கத் தைத்துக் கொடுங்கள். ஒரு வயது வரை தூங்கும் குழந்தையின் மேல் கனமான போர்வை போடக்கூடாது, முகத்தை மூடிவிடும். பட்டன், மணி, ஜிகினா எதுவும் வேண்டாம்.

கேள்வி: அம்மாவின் கிழிந்த பட்டுப்புடவையைச் சேர்க்க ஆசை. (கும்பகோணம்)

துவைத்துப் புழங்கும் போர்வையில் வேண்டாம். பழைய பட்டு மடிப்பு வாக்கில் கீறிக்கொண்டே போகும், சரிகை உடலில் உறுத்தும், பருத்தியோடு சேர்த்துத் துவைத்தால் இரண்டும் வெவ்வேறாகச் சுருங்கும். மடிப்பில் விட்டுப்போன இடங்களைத் தவிர்த்து, வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை தெரியாத பகுதியாகப் பார்த்து எடுங்கள். பின்பக்கம் மெல்லிய கேன்வாஸ் ஒட்டி, குறைந்த சூட்டில், மேலே ஒரு துணி போட்டு அழுத்துங்கள். 11-ஆம் நம்பர் ஊசியில் சுவரில் தொங்கவிடும் அளவுக்குத் தைக்கலாம், குஷன் உறையாகவும் தைக்கலாம். முந்தானைப் பகுதியில் சரிகை கெட்டியாக இருக்கும் இடத்தை வெட்டாமல் முழுசாக நடுவில் வையுங்கள்.