தோட்டத்து எலியால் பிளேக் வருமா?

கேள்வி: என் கணவர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். லயத்து வீட்டில் குடியிருக்கிறோம். இரவில் கூரை மேல் எலி ஓடாத நாளில்லை. மங்கோலியாவில் காட்டுப் பிராணியைத் தின்ற ஒரு தம்பதியர் பிளேக் கண்டு இறந்ததாகக் காணொளியில் பார்த்ததிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. நம் எலிகளாலும் அந்நோய் வருமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, அந்தச் செய்தி உண்மைதான். 2019ஆம் ஆண்டில், உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கையில் மர்மோட்டின் உள்ளுறுப்பைப் பச்சையாகத் தின்ற தம்பதியர் இறந்தனர். ஆனால் மர்மோட் என்பது வீட்டு எலி அன்று. புல்வெளியில் வளை தோண்டி வாழும், பூனையைவிடப் பருத்த கொறிவிலங்கு. பிளேக் கிருமி இத்தகைய காட்டுக் கொறிவிலங்குகளிடமும் அவற்றின் மேலுள்ள தெள்ளுப்பூச்சிகளிடமும்தான் காலங்காலமாகத் தங்கியிருக்கிறது. மடகாஸ்கர், காங்கோ, பெரு, அமெரிக்காவின் மேற்கு மாநிலங்கள் ஆகியவை அதற்குப் பெயர்பெற்ற இடங்கள்; மலேசியா அவற்றுள் ஒன்றன்று.

தெள்ளுப்பூச்சி நோயைப் பரப்பும் விதம் கவனிக்கத்தக்கது. நோயுற்ற விலங்கின் இரத்தத்தோடு உள்ளே போகும் கிருமி, பூச்சியின் முன்குடலில் பெருகி வழியை அடைத்துவிடுவதால், குடித்த இரத்தம் வயிற்றுக்குப் போய்ச் சேராமல், பசி தீராத பூச்சி மீண்டும் மீண்டும் கடித்து, கிருமி கலந்த இரத்தத்தைக் கடிவாயிலேயே கக்குகிறது. விலங்கு இறந்து உடல் குளிர்ந்ததும் அது வேறு உடலைத் தேடிப் புறப்படும். அருகில் மனிதன் இருந்தால் அவனையே பற்றும். சில நாள்களில் கடும் காய்ச்சல் கண்டு, தொடையிடுக்கிலோ அக்குளிலோ நெறி கட்டும். நோய் நுரையீரலைத் தாக்கிவிட்டால் இருமலின் வழியாகவே மற்றவருக்குத் தொற்றும். 2017இல் மடகாஸ்கரில் இருநூறுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட பரவலில் பெரும்பகுதி இவ்வகைதான். உரிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை உடனே தொடங்கினால் பிழைக்கலாம். தாமதமே உயிரைக் குடிக்கிறது.

மூச்சுவழிப் பரவலை உலகம் ஏற்கும்படி எடுத்துரைத்தவர் நம் பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன் தே என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம். மர்மோட் தோலுக்கான வேட்டையோடு தொடர்புடையதாகக் கருதப்படும் 1910-11இல் வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவில் பரவிய பிளேக்கில் ஏறத்தாழ 60,000 பேர் இறந்தபோது, பஞ்சும் துணியும் வைத்துத் தைத்த முகக்கவசத்தை அணியச் செய்தவர் அவர். பின்னாளில், உங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஈப்போவில் மருத்துவம் பார்த்தார்.

எனினும், லயத்து எலிகளை நீங்கள் அலட்சியம் செய்துவிடக் கூடாது. நம் தோட்டங்களில் அஞ்சவேண்டியது, ‘கென்சிங் திக்குஸ்’ என்று அனைவரும் சொல்லும் எலிச் சிறுநீர்க் காய்ச்சலைத்தான். எலியின் சிறுநீர் கலந்த சேற்றுநீர், முள் குத்திய கை கால் புண்களின் வழியே உடலுக்குள் புகுந்துவிடும். உங்கள் கணவர் பூட்ஸும் கையுறையும் இல்லாமல் வேலைக்குப் போக வேண்டாம். செத்த எலியை வெறுங்கையால் தொட வேண்டாம். திடீர்க் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் கண்டால், கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்தாமல் அரசாங்க கிளினிக்குக்குச் சென்று, செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்வதை மருத்துவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடச் சொல்லுங்கள்.