வாக்கரை மடக்கிப் பரணில் போடுங்கள்

கேள்வி: பிறந்த புதிதில் என் மகளை நிமிர்த்திப் பிடித்தால் அடி எடுத்து வைப்பாள். இரண்டு மாதத்தில் அது நின்றுவிட்டது. இப்போது 12 மாதம். கட்டிலைப் பிடித்து நிற்கிறாள், தனியாக நடக்கவில்லை. நரம்பில் குறையா? கடைக்காரர் சொன்னதால் வாக்கர் வாங்கிவிட்டோம்.

பதில்: அம்மா, அந்த அடிகள் எங்கும் போய்விடவில்லை. பிறக்கும்போதே தசைகளுக்கு இரண்டு கட்டளைகள் தயாராக இருக்கின்றன: ஒன்று காலை ஊன்ற, மற்றது தூக்கி முன்னே கொண்டுவர. இரண்டாம் மாதத்தில் தொடையில் சதை போட்டுக் கால் கனத்துவிடும்; தூக்க வலு போதாது. அத்தகைய குழந்தையின் கால்களைத் தண்ணீருக்குள் விட்டுப் பிடித்தால் மறுபடி அடி வைக்கிறது என்று 1984-இல் அமெரிக்காவில் குழந்தை வளர்ச்சி ஆய்வாளர் எஸ்தர் தெலன் காட்டினார். (நீங்கள் அண்டாவில் சோதிக்க வேண்டாம்.)

2011-இல் வெளியான இத்தாலியக் குழுவின் ஆய்வில், பிறவியிலேயே உள்ள அந்த இரண்டு கட்டளைகளும் அப்படியே இருக்க, நடை பழகும் வயதில் மேலும் இரண்டு சேர்வது தெரிந்தது. பாதம் தரையில் படும் நேரத்துக்கு ஒன்று, தரையை விட்டு எழும் நேரத்துக்கு ஒன்று.

வாக்கரில் உட்காரும் குழந்தையைப் பாருங்கள். உடல் எடை துணி இருக்கையில். நுனிவிரலால் தரையை உந்துகிறது. பாதம் பதிவதும் இல்லை, எடையைத் தாங்குவதும் இல்லை. பிறகு எதைப் பழகும்? படிக்கட்டில் உருண்ட குழந்தைகளைப் பார்த்துவிட்டுக் கனடா 2004-இல் விற்பனையையே தடைசெய்தது. இங்கே பளபளப்புத் தாளில் சுற்றிப் பிறந்தநாள் பரிசாகத் தருகிறோம்.

நம் மர நடைவண்டியை இதில் சேர்க்காதீர்கள். அதில் குழந்தை தன் காலில் நின்று, தன் எடையைத் தானே சுமந்து தள்ளுகிறது. தானாக எழுந்து நிற்கும் குழந்தைக்கு, சமதளத்தில், நீங்கள் பக்கத்தில் இருந்தால் தரலாம். சக்கரம் வழுக்கி ஓடினால் கூடாது. மொசைக் தரையில் ஓடத்தான் செய்யும். மண் தரையே நல்லது.

‘நரம்பைத் தூண்டிவிடுகிறோம், பத்து நாள் பேக்கேஜ்’ என்று எவராவது வந்தால் வாசலோடு அனுப்புங்கள். 8 மாதத்தில் நடப்பவர்களும் உண்டு, 17 மாதத்தில் நடப்பவர்களும் உண்டு. 18 மாதம் தாண்டியும் நடக்காவிட்டாலோ, ஒரு காலை மட்டும் இழுத்தாலோ, செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டாலோ (பிறந்த புதிதில் வைத்த அடிகளைச் சொல்லவில்லை) குழந்தை மருத்துவரிடம் போங்கள். போனால், தரையில் விட்டுப் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். எடையைக் குறித்து ஊசி போட்டு அனுப்பவே நேரம் சரியாக இருக்கும் இடங்களில், குழந்தை எப்படி நகர்கிறது என்று யார் பார்க்கிறார்கள்?

வீட்டில் செருப்பில்லாமல் விடுங்கள். வாக்கரை எதிர்வீட்டுக் குழந்தைக்கும் கொடுத்துவிடாதீர்கள்.