மீன் தொட்டிச் செடிகளுக்குத் திரவ உரம் ஊற்றியும் வளரவில்லை, பாசிதான் வருகிறது. அளவைக் கூட்டலாமா?

கூட்ட வேண்டாம், பாதியாகக் குறையுங்கள்.

60 லிட்டர் தொட்டி, அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும், சாதாரண எல்இடி விளக்கு, வாரம் ஒருமுறை பாட்டிலில் அச்சிட்டிருக்கும் அளவு உரம் என்று சொல்லியிருக்கிறீர்கள். இந்த இரண்டு செடிகளும் இயல்பிலேயே மெதுவாக வளர்பவை. வெளிச்சம் குறைவு, கார்பன் டை ஆக்சைடும் தனியாக விடவில்லை என்றால் அவற்றுக்குப் பசியே கம்மி. வளரும் வேகத்தை முதலில் முடிவு செய்வது வெளிச்சம், அடுத்து கார்பன் டை ஆக்சைடு. உரம் அதற்கப்புறம்தான். பாசிக்கும் உரத்தைத் திட்டுவதற்கு முன் விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது என்று பாருங்கள். நாளுக்கு 6 அல்லது 7 மணி நேரம் போதும்.

அளவுக்கு வருவோம். 60 லிட்டர் என்பது கண்ணாடிப் பெட்டியின் கொள்ளளவு. மணல், கல், கட்டை, மேலே விட்ட இடைவெளி எல்லாம் போக 50 லிட்டர் தண்ணீர் தேறினால் பெரிய விஷயம். அந்த 50-க்குக் கணக்குப் போட்டு, அதில் பாதியை ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து ஊற்றுங்கள். மூடியால் அளப்பது பெரிய தொட்டிக்குச் சரி, உங்களுடையதற்குச் சரிப்படாது.

பலரும் கவனிக்காத விஷயம் தண்ணீர் மாற்றுவது. வாரம் ஊற்றும் உரம் நைட்ரேட்டை (நைட்ரஜன் சத்து) லிட்டருக்கு 5 மில்லிகிராம் கூட்டுகிறது, செடி எதையுமே உறிஞ்சவில்லை என்று வைத்துக்கொள்வோம். வாராவாரம் பாதித் தண்ணீரை மாற்றினால் அது எத்தனை மாதம் ஆனாலும் 10-ஐத் தாண்டாது. கால் பங்கு மட்டும் மாற்றினால் 20 வரை ஏறும். மாற்றவே இல்லையென்றால் ஏறிக்கொண்டே போகும். டாம் பார் என்பவர் பரப்பிய ‘எஸ்டிமேட்டிவ் இண்டெக்ஸ்’ முறையில் உரத்தைத் தாராளமாக ஊற்றச் சொல்வதும் இந்தக் கணக்கை நம்பித்தான். அங்கே வாரம் 50 சதவீதம் தண்ணீர் மாற்றுவது கட்டாயம். அதை விட்டுவிட்டு ஊற்றுவதை மட்டும் பின்பற்றினால் வம்புதான். உரத்தை எப்போதும் தண்ணீர் மாற்றிய பிறகே ஊற்றுங்கள், முன்னால் ஊற்றினால் பாதி சாக்கடைக்குப் போகும்.

இன்னொன்று, மீன் தீனியிலிருந்தே நைட்ரஜனும் பாஸ்பரசும் ஓரளவு வந்துவிடும். மீன் நிறைய உள்ள தொட்டியில் குறைவது பெரும்பாலும் பொட்டாசியமும் இரும்பும்தான். பழைய இலையில் குண்டூசி குத்தியதுபோல் ஓட்டை விழுந்து ஓரம் மஞ்சளானால் பொட்டாசியத்தைச் சந்தேகப்படுங்கள். புது இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்பு. பழைய இலைகள் மொத்தமாக மஞ்சளாகி உதிர்ந்தால் நைட்ரஜன். இரும்பும் பாஸ்பேட்டும் தனித்தனி பாட்டிலில் வாங்கியிருந்தால் ஒரே நேரத்தில் ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்து படிந்துபோனால் செடிக்கு எதுவும் கிடைக்காது. ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றி ஊற்றலாம்.

அளவைக் குறைத்த பின் இரண்டு, மூன்று வாரம் எதையும் மாற்றாமல் புது இலைகளை மட்டும் பாருங்கள். கெட்டுப்போன பழைய இலை தேறாது, வெட்டிவிடலாம்.

கார்பன் டை ஆக்சைடுக்கு மாற்று என்று விற்கும் ‘லிக்விட் கார்பன்’ திரவத்தை வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதில் இருப்பது பெரும்பாலும் குளூட்டரால்டிஹைடு, மருத்துவக் கருவிகளைக் கிருமி நீக்கப் பயன்படுத்தும் அதே ரசாயனம். பாசியைக் கொல்லும், உண்மைதான். ஆனால் வாலிஸ்நேரியா என்ற தொட்டிச் செடி அதில் கரைந்துபோகும், அழகுக்கு வளர்க்கும் ‘மாஸ்’ செடிகளும் கருகும், அளவு தப்பினால் மீனும் இறாலும் போய்விடும். உங்கள் தொட்டிக்கு அது தேவையே இல்லை.